ஒரே வகுப்பு, இரண்டு தெரு

கேள்வி:

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஜூனில்தான் மாறுதலாகி இங்கே வந்தேன். ஏழாம் வகுப்பு என் பொறுப்பு. சமூக அறிவியலும் தமிழும் எடுக்கிறேன். பிள்ளைகள் 36 பேர். ஊர்த் தெருவிலிருந்தும் வருகிறார்கள், காலனியிலிருந்தும் வருகிறார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். மதியம் சத்துணவு வாங்குகிறவர்கள் வேப்பமரத்தடியில், வீட்டுச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் வராந்தாவில். பட்டப்பெயர் சொல்லாமல் ஒரு பீரியட் போவதில்லை: நிறத்தை வைத்து, உடம்பை வைத்து, அப்பா பார்க்கும் வேலையை வைத்து. செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். அவளோடு யாரும் பேசுவதில்லை.

‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். தினமும் காலையில் உறுதிமொழி சொல்ல வைக்கிறேன். சொல்லி முடித்த வாயோடு சண்டை தொடங்கிவிடுகிறது. தலைமையாசிரியரோ, “சாதி பத்தி வகுப்புல வாயே தொறக்காதீங்க டீச்சர், ஊர்ல பிரச்சனை ஆயிரும்” என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? எத்தனை நாளில் மாற்றம் தெரியும்?

— ஓர் ஆசிரியை, தென்மாவட்டம்

பதில்:

உங்கள் தலைமையாசிரியரின் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் உங்கள் வகுப்பு நாள் முழுவதும் சாதியைப் பேசிக்கொண்டேதான் இருக்கிறது. உட்காரும் இடம் பேசுகிறது, சாப்பிடும் இடம் பேசுகிறது, யார் கையில் துடைப்பம், யார் கையில் சாக்பீஸ் டப்பா என்பதும் பேசுகிறது. உறுதிமொழி ஒரு நிமிடம், இந்த ஏற்பாடுகள் ஆறு மணி நேரம். பிள்ளைகள் எதை நம்புவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆகவே பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், ஏற்பாட்டை மாற்றுங்கள். நான் சொல்லப் போவதெல்லாம் இதைச் சுற்றியதுதான்.

முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். வகுப்பைக் கூட்டியது யார்? தண்ணீர் எடுத்துவரப் போனது யார்? ஆசிரியர் அறைக்கு டீ கிளாஸ் கொண்டுபோனது யார்? வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து வந்தது யார்? வாய்விட்டு வாசிக்கச் சொல்லி நீங்கள் எழுப்பியது யாரை? வாரக் கடைசியில் அந்தப் பெயர்களைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கோடு தெரியும். ‘கெட்டிக்காரப் பிள்ளை’, ‘சொன்ன வேலையைச் செய்யும் பிள்ளை’ என்று நாம் மனதுக்குள் பிரித்து வைத்திருப்பது, பல சமயம் தெருவைப் பிரித்து வைத்திருப்பதாகத்தான் இருக்கும்.

அம்பேத்கர் தன் பள்ளிக்கால நினைவுகளை எழுதும்போது, உட்காரத் தனியாக ஒரு சாக்குத் துணி, தண்ணீர் குடிக்கப் பியூனின் தயவு என்று இந்தச் சின்ன ஏற்பாடுகளைத்தான் சொல்கிறார். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. அந்தக் குழந்தையிடம் யாரும் தனியாக வசை பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. சாக்கும் தண்ணீர்க் குழாயும் போதுமாக இருந்தன. நம் மாநிலத்திலேயே பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவச் சொல்லி, அது போலீஸ் வழக்கு வரை போனதும் நடந்திருக்கிறது.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு கொடுத்த அறிக்கையை உங்கள் தலைமையாசிரியரிடம் காட்டுங்கள். வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய விவரம் இருக்கக் கூடாது, ஆசிரியர் எந்த மாணவரையும் நேராகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறித்து அழைக்கக் கூடாது, கையில் நிறக் கயிறு கட்டியோ நெற்றியில் பொட்டு வைத்தோ வரக் கூடாது, அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைக்கிறது. கயிறும் பொட்டும்தான் செய்தியில் அடிபட்டன. எனக்கு அந்த அறிக்கையில் மிக முக்கியமாகப் படுவது ஆசிரியரின் நாக்கைப் பற்றிய பகுதி. உதவித்தொகை விண்ணப்பம் வந்ததும், “எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க” என்று சொல்கிற வழக்கம் இன்னமும் பல பள்ளிகளில் இருக்கிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சொல்வதுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியம், எழுந்து நின்ற பிள்ளையையும் உட்கார்ந்திருந்த பிள்ளையையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது. விண்ணப்பத்தைப் பெற்றோரிடம் கொடுங்கள், அல்லது பிள்ளையைத் தனியே அழைத்துக் கொடுங்கள்.

அடுத்ததாக, உங்கள் வகுப்பில் லீடர் கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று பெயர் எழுதும் வழக்கம் இருந்தால் நாளைக்கே நிறுத்திவிடுங்கள். நீங்கள் இதைப் பற்றி எழுதவில்லை. ஆனாலும் அநேகமாக எல்லா வகுப்பிலும் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். ஒரு பிள்ளை கையில் சாக்பீஸைக் கொடுத்து மற்ற 35 பேரைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிறோம். அவன் தன் சேக்காளி பெயரை எழுதமாட்டான், பிடிக்காதவன் பெயரை எழுதிப் பக்கத்தில் பெருக்கல் குறியும் போடுவான். பெயர் எழுதப்பட்டவன் அடுத்த இடைவேளையில் கணக்குத் தீர்ப்பான். ஆசிரியர் இல்லாத பத்து நிமிட அமைதிக்காக நாம் கொடுக்கும் விலை இது.

லீடரே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேலைகள் வேண்டும், ஒரே ஆளிடம் எல்லாம் வேண்டாம். ஏழாம் வகுப்பு வரலாற்றில் பிற்காலச் சோழர் பாடம் வருகிறதல்லவா? உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள குடவோலை முறையை நீங்கள் எப்படியும் நடத்தத்தான் போகிறீர்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியவை அந்தக் கல்வெட்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பாடம் நடத்தும் அன்றைக்கே ஒரு குடத்தைக் கொண்டுவந்து வையுங்கள். கூட்டுவது, தண்ணீர், செடிக்கு நீர் ஊற்றுவது, பதிவேடு கொண்டுபோவது, நூலகப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது, வானிலையும் செய்தியும் வாசிப்பது என்று எல்லா வேலைக்கும் வாரா வாரம் சீட்டு எடுக்கட்டும். உட்காரும் இடத்தையும் மாதம் ஒருமுறை அதே குடம் தீர்மானிக்கட்டும். அகர வரிசை நல்ல தொடக்கம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வருஷம் முழுக்க அதே பக்கத்து ஆள் என்றால், பழகுவதற்குக் கிடைப்பவர்கள் இரண்டே பேர்.

உத்திரமேரூரின் மறுபக்கத்தையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். குடத்தில் யார் ஓலை விழலாம் என்பதற்கு அங்கே நிபந்தனைகள் இருந்தன: கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் படிப்பு. ஊரில் பெரும்பாலோருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே வழியில்லை. “நம் குடத்தில் யார் பெயர் இருக்க வேண்டும்?” என்று கேளுங்கள். தலைமையாசிரியர் பயப்படும் அந்தப் பேச்சை ஊர்ப் பெயரோ தெருப் பெயரோ எடுக்காமல், பாடப்புத்தகத்தை விட்டு விலகாமல் நீங்கள் பேசி முடித்திருப்பீர்கள்.

ஒன்றாக உட்கார வைத்தால் ஒற்றுமை வந்துவிடுமா? வராது. பள்ளிக்கூடங்கள் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம் இது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் என்ற நகரத்தில் 1971ல் வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளை முதல்முறையாக ஒரே வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். சில வாரங்களிலேயே அடிதடி. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவரும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்கிறார், பத்துக் கைகள் உயர்கின்றன, ஒருவனுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. மற்ற ஒன்பது பேரும் அவன் தப்பாகச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்கிறார்கள். கை தூக்காதவர்கள் மேஜைக்கு அடியில் ஒளியப் பார்க்கிறார்கள். இப்படி ஒரு போட்டியை நாள் முழுக்க நடத்திவிட்டு, இடைவேளையில் மட்டும் நட்பாக இருங்கள் என்றால் எப்படி இருப்பார்கள்? நம் வகுப்பறையும் அப்படியேதான் இருக்கிறது.

ஆரன்சன் செய்த மாற்றம் எளிமையானது. பிள்ளைகளை ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழுக்களாகப் பிரித்தார். ஒரு பாடத்தை அத்தனை துண்டாக்கி, ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். முழுப் பாடம் யாரிடமும் கிடையாது. மற்றவர்கள் சொல்வதைக் கேட்டால்தான் பாடம் முழுசாகும், பரீட்சையோ முழுப் பாடத்திலும் உண்டு. ஒரு குழுவில் ஸ்பானிய மொழி பேசும் சிறுவன் ஒருவன் இருந்தான். ஆங்கிலத்தில் சொல்லத் திணறினான். மற்றவர்கள் வழக்கம்போலக் கேலி செய்தார்கள். கவனித்துக்கொண்டிருந்தவர் அவர்களைத் திட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் பரீட்சை, இவனிடம் இருப்பதை வாங்காமல் எப்படி எழுதுவீர்கள் என்று நினைவூட்டியதோடு சரி. மெல்ல மெல்ல அந்தப் பிள்ளைகள் அவனிடம் நல்ல கேள்விகள் கேட்கப் பழகினார்கள். கேள்வி நன்றாக வந்தபோது அவனுக்குப் பதிலும் வந்தது. இவன் முட்டாள் இல்லை என்று அவர்களுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை, தாங்களே கண்டுபிடித்தார்கள்.

உங்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த மாதிரி. 36 பேர் என்றால் ஆறு குழு, குழுவுக்கு ஆறு பேர். அதே சோழர் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: விசயாலயனில் தொடங்கிய எழுச்சி, ராஜராஜனும் ராஜேந்திரனும், ஊராட்சி, நிலவரியும் நீர்ப்பாசனமும், கோயிலும் கல்வியும், கடல் வணிகம். ஆறு துண்டு ஆயிற்று. தாளை நீங்கள் தயாரித்துக் கொடுங்கள், புத்தகம் பைக்குள் இருக்கட்டும். முதலில் ஒரே துண்டு கிடைத்த ஆறு பேரும் கூடி, அதைப் புரிந்துகொண்டு எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்க வேண்டும். இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு இந்தப் படிதான் உயிர். அவன் தன் குழுவுக்குத் திரும்பும்போது வெறுங்கையோடு போகக் கூடாது. தேவைப்பட்டால் அவனுடைய தாளை முந்தின நாளே கொடுத்து வீட்டில் வாசித்து வரச் சொல்லுங்கள். பிறகு குழுவில் ஆளுக்கு ஐந்து நிமிடம். கடைசியில் சின்னப் பரீட்சை, ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுத வேண்டும், மதிப்பெண்ணும் தனித்தனி. குழுவுக்கெல்லாம் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டீர்களோ, “உன்னாலதான்டா போச்சு” என்று தொடங்கி, இருந்த பகை இரண்டு மடங்காகும்.

உங்கள் பள்ளியில் ‘மகிழ் முற்றம்’ திட்டத்தில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிரித்திருப்பார்கள். அந்தப் பிரிவுகளும் தெருவாரியாக அமைந்துவிடவில்லையே என்று ஒருமுறை பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

பட்டப்பெயருக்கு வருகிறேன். எல்லோர் முன்னாலும் “மன்னிப்புக் கேளு” என்று நிறுத்தாதீர்கள். கேட்பவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பான், வாங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு மறுபடி ஒருமுறை அவமானம். சொன்னவனைத் தனியாக அழைத்து, என்ன நடந்தது, அது அந்தப் பிள்ளையை என்ன செய்தது, இதை எப்படிச் சரிசெய்யப் போகிறாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மௌனம் ஒரு நிமிடம் நீண்டாலும் பரவாயில்லை. நாமே பதிலையும் சொல்லிவிடுவதுதான் ஆசிரியர்களாகிய நம் பழக்கம். அப்பா செய்யும் வேலையை வைத்துக் கேலி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இன்னொன்றும் செய்யலாம். செங்கல் சூளை, பனை, கட்டடம், தையல் என்று அந்த வேலை தெரிந்தவர்களையே வகுப்புக்கு அழைத்து, எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும், குறிப்பெடுக்கட்டும், தமிழ்க் கட்டுரையாக எழுதட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிலிருந்தே தொடங்கலாம்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் அரை மணி நேரம் வட்டமாக உட்காருங்கள், நீங்களும் அதே தரையில். அந்த வாரத்து மனக்குறைகளைப் பிள்ளைகள் முன்கூட்டியே சீட்டில் எழுதிப் போடலாம். போலந்தின் வார்சா நகரில் 1912ல் யூத அனாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்ற யானுஷ் கோர்சாக் என்ற மருத்துவர், குழந்தைகளே நீதிபதிகளாக இருக்கும் ஒரு நீதிமன்றத்தை நடத்தினார். அதன் சட்டப் பிரிவுகளில் முதல் 99ம் மன்னிப்பதற்கானவை. குழந்தைகள் அவர் மீதே வழக்குப் போட்டார்கள், அவரும் வந்து நின்றார். நீதிமன்றம் வைக்கும் அளவுக்கு நீங்கள் போக வேண்டாம். ஆனால் உங்கள் மீதும் ஒரு சீட்டு விழலாம் என்ற நிலை இருந்தால்தான் அந்த வட்டத்தைப் பிள்ளைகள் நம்புவார்கள். ‘டீச்சர் என்னை மட்டும் திட்டுறாங்க’ என்று ஒரு சீட்டு வந்தால் விளக்கம் சொல்லி மறுக்காமல், அடுத்த வாரம் கவனிக்கிறேன் என்று சொல்லி, கவனியுங்கள். அடி, உதை, மனதைப் புண்படுத்தும் பேச்சு மூன்றையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துவிட்டது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும் இதை நினைவில் வையுங்கள்: நீங்கள் ஒரு பையனை ‘மாடு’ என்றால், அவனை அப்படிக் கூப்பிட வகுப்புக்கே அனுமதி கொடுத்துவிட்டீர்கள். சத்துணவு அம்மாவிடமும் கூட்டிப் பெருக்க வருகிறவரிடமும் நீங்கள் ‘வாங்க, போங்க’ என்று பேசுகிறீர்களா என்பதையும் 72 காதுகள் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

சீட்டில் அடி, தொடுதல், வீட்டில் நடக்கும் கொடுமை என்று ஏதாவது வந்தால் அது வட்டத்தில் பேசும் விஷயம் அல்ல. உடனே தலைமையாசிரியரிடமும், 1098 குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் உத்தரவு போடாதீர்கள். எல்லோரும் மரத்தடிக்கு வாருங்கள் என்று நீங்கள் சொன்ன அன்றைக்குச் சாயங்காலமே அது ஊருக்குள் போய்விடும். நீங்கள் உங்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய் உட்காருங்கள், சத்துணவுச் சாதத்தில் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிடுங்கள். தினமும். டீச்சர் பக்கத்தில் உட்கார ஆசைப்படாத ஏழாம் வகுப்புப் பிள்ளை உண்டா? இரண்டு பேர் வந்தால் போதும், மற்றவர்கள் வருவார்கள்.

அந்தப் புதுப் பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சூளைப் பருவம் முடிந்தால் அவள் போய்விடக்கூடும், அவளுக்கு நாள் குறைவு. சிகாகோவில் மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருந்த விவியன் பேலி, ‘விளையாட வராதே என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது’ என்று தன் வகுப்பில் ஒரே ஒரு விதி போட்டார். 1992ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். விதியைப் போடும் முன் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடமும் போய்க் கருத்துக் கேட்டார். விதி நியாயம்தான், ஆனால் சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்ற மாதிரிப் பேசினார்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயது, விதி மட்டும் போதாது. “எல்லாரும் அவகிட்ட பேசுங்க, பாவம்” என்று சொல்வது அதைவிட மோசம். பாவப்பட்டவள் என்ற பட்டம் கழுத்தில் தொங்கினால் யார் சேருவார்கள்? அவளுக்குத் தெரிந்தது எது என்று முதலில் நீங்கள் கண்டுபிடியுங்கள். பல ஊர் பார்த்தவள், ஒருவேளை இன்னொரு மொழிகூடத் தெரிந்திருக்கும். குழுவுக்குத் துண்டு பிரிக்கும்போது அவளால் நன்றாகச் சொல்ல முடிகிற துண்டை அவள் கையில் கொடுங்கள். சாந்தமான, யாரையும் சார்ந்து நிற்காத ஒரு பிள்ளை எல்லா வகுப்பிலும் இருப்பாள். அவளையும் இவளையும் சேர்த்து நூலகப் பொறுப்பைக் கொடுங்கள். இந்த ஒரு இடத்தில் குடத்தை மீறலாம்.

சுவரில் ஒட்டிய வாசகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல எண்ணத்தில் எழுதியது, கிழிக்க வேண்டாம். ஆனால் எனக்கு வகுப்பறை குடும்பமாக இருப்பதில் அவ்வளவு ஆசையில்லை. குடும்பத்தில் இரத்த உறவுக்காக விட்டுக்கொடுக்கிறோம், மூத்தவர் சொன்னால் இளையவர் கேட்க வேண்டும். உறவு இல்லாத, தெரு வேறான, பிடித்தேகூட இல்லாத ஒருவரையும் சமமாக நடத்த வேண்டும் என்று ஒரு குழந்தை முதன்முதலாகப் பழகும் இடம் வகுப்பறை. பிடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. மரியாதையைக் கேட்டு வாங்க முடியும்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்டினில் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் என்று ஆறு வாரம் செய்து பார்த்தார்கள். அந்த அளவிலேயே வேறு இனத்துப் பிள்ளைகளோடு ஒட்டுதல் கூடியது, பின்தங்கியிருந்தவர்களின் மதிப்பெண்ணும் ஏறியது. ஆகஸ்டில் தொடங்கினால் முதல் பருவத் தேர்வுக்குள் ஏதாவது தென்பட வேண்டும். முதல் இரண்டு வாரம் சத்தமும் சண்டையும் கூடத்தான் செய்யும். யாரோடு உட்காரமாட்டேன் என்று வீட்டில் போய்ச் சொல்வார்கள், ஒரு பெற்றோர் வந்து நிற்பார். அப்போது “குடம் எடுத்துக் கொடுத்த இடம், அடுத்த மாதம் மாறும்” என்பதைத் தவிர வேறு விவாதத்துக்குப் போகாதீர்கள். தலைமையாசிரியரிடமும் இதே பதிலை முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிவையுங்கள்.

கோயில் கொடையோ தேர்தலோ வந்து ஊருக்குள் தகராறு நடந்தால், மறுநாள் காலை பிள்ளைகள் பழைய இடங்களிலேயே போய் உட்காருவார்கள். மனம் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு அறிவுரை எதுவும் வேண்டாம். பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் வாசலிலேயே வரவேற்று, அவரவர் குழுவில் உட்கார வைத்து, துண்டுத் தாள்களைக் கொடுத்துப் பாடத்தைத் தொடங்கிவிடுங்கள்.